ஆத்தா வேண்டாம்னு சொன்ன கார்

எங்கள் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருசம் கார் ஓட்டினார். அதில் ஒரு கார்கூட எங்களுடையது இல்லை. ஆக்டிங் டிரைவர். மாசச் சம்பளத்துக்கு டிரைவர் வைக்க மனசு வராத, தானே ஓட்டவும் தெம்பில்லாத வசதிக்காரர்கள், கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று கிளம்பும்போது ஒரு நாளைக்கு மட்டும் கூப்பிட்டுக்கொள்கிற ஆள். போன் வந்தால் சுந்தராபுரத்திலிருந்து மொபெட்டில் போவார். மொபெட்டைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நிற்கிற பெரிய காரைத் துடைத்து எடுப்பார். பொழுது சாய்ந்ததும் காரை உள்ளே விட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு மறுபடியும் மொபெட்டை உதைப்பார். அந்தச் சனியன் ஒருநாளும் ஒரே உதையில் கிளம்பியதில்லை.

இந்த ஊரில் மரியாதைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. "வாங்க டிரைவர், சாப்பிட்டீங்களாங்க டிரைவர், மெதுவாவே போங்க டிரைவர்" என்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு, கோயமுத்தூர்க்காரர்களுக்கு எத்தனை பண்பு என்று மெச்சிக்கொள்கிறார்கள். மெச்சட்டும், எனக்கென்ன. அதே வாய்தான் சாப்பாட்டுப் படிக்காசு கேட்டால் "அடுத்த வாட்டி சேத்தித் தந்தர்றனுங்க டிரைவர்" என்னும். அந்த அடுத்த வாட்டி வரவே வராது. இவரும் "சேரிங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். அந்தச் சேரிங்க எனக்கு நன்றாகத் தெரியும். இனி உன்னிடம் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டு, வெளியே காட்டிக்கொள்ளாமல் சொல்கிற சேரிங்க. என்னிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. என்னிடம் "ஏ புள்ள" தான். கோபம் வந்தால் "உன்ற வாய்க்கு ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கிப் போடோணும் புள்ள" என்பார். நான் அதற்கும் பதில் வைத்திருப்பேன்.

ஒன்பது வருசத்துக்கு முன்னால் ஒரு நாள், சோற்றில் கை வைத்தபடியே சொன்னார். "கடன் போட்டு ஒரு கார் எடுக்கலாம்னு இருக்கேன் புள்ள. மஞ்சப் போர்டு போட்டு வாடகைக்கு ஓட்டறது. அஞ்சு வருசத் தவணை. அப்பறம் வண்டி நம்முளுது."

சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். ரொம்ப நாளாக உள்ளே வைத்திருந்த பேச்சு என்று தெரிந்தது. எந்த ஷோரூம், என்ன கலர், மாசம் எத்தனை வாடகை ஓடினால் தவணை போக எவ்வளவு நிற்கும் என்று ஒரு டைரித் தாளில் எழுதி, சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்தார். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. முன்பணத்துக்கு என் வளையல் இரண்டும் செயினும் வேண்டும். கடன் பத்திரத்தில் என் கையெழுத்தும் வேண்டும். நான் அப்போது குறிச்சிப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் வைண்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி மோட்டாருக்குள் இறக்குகிற வேலை. ஆக்டிங் டிரைவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? என் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் கடன் தருவார்களாம்.

அந்தத் தாளில் தவணை என்கிற ஒரு வார்த்தைதான் என் கண்ணில் பட்டது.

எங்கப்பா பவானியில் டெம்போ வைத்திருந்தார். தவணையில் வாங்கியதுதான். மூன்று தவணை நின்றுபோனது. ஒரு காலையில் ஃபைனான்ஸ்காரர்கள் நாலு பேர் வந்து வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். எங்கப்பா வாயெல்லாம் பற்பசை நுரையோடு, கையில் பிரஷ்ஷோடு, அவிழ்கிற லுங்கியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஒரு வாரம் பொறுங்க, ஒரு வாரம்" என்று டெம்போவுக்குப் பின்னாலேயே ஓடினார். வீதியே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. நான் அப்போது பத்தாவது. அடுத்த மாசம் பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னைக் கோயமுத்தூரில் ஒரு மில் ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்டார்கள். இன்றைக்கும் பற்பசை நுரையோடு யாராவது பேசினால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

சரி, இதை அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? "எனக்குப் பயமா இருக்குதுங்க, வேண்டாமுங்க" என்று ஒரு வார்த்தை. சொன்னால் அவர் விட்டுவிடுவார் என்றும் எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சினையே. விட்டுவிடுவார். அப்புறம் ஒவ்வொரு தடவை மொபெட்டை உதைக்கும்போதும் நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆயுசுக்கும் கெடுத்தவள் நானாக இருக்க வேண்டும். அந்தக் கெட்ட பேர் எனக்கு வேண்டாம் என்று இருந்தது. இத்தனை வருசம் கழித்து மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது, உள்ளதைச் சொல்கிறேன். கடன் பயம் பாதிதான். நல்லவள் என்கிற பேர் போய்விடுமே என்ற பயம் மீதிப் பாதி.

"ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாக்கலாமுங்க" என்றேன். அவர் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கவும், கிணறு வெட்டவும், காடு வாங்கவும் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வாழை இலைக் கிழிசலில் வைத்து, நாரால் கட்டி, ஒன்று போலவே செய்து சாமி காலடியில் போட வேண்டும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு உண்டு. சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தை மட்டும் பிரித்துப் பார்க்கவே கூடாது. அப்படியே தண்ணியில் விட்டுவிட வேண்டும். சாமி சொன்னதைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்பார்கள். பொட்டலம் கட்டுவது வீட்டுப் பொம்பளை வேலை.

பக்கத்து வீட்டு நந்தியாவட்டையும் கோயில் வாசல் செவ்வரளியும் எங்கள் வீட்டுக்காரர் கொண்டுவந்து வைத்திருந்தார். அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் கட்டினேன். முதல் பொட்டலத்தில் செவ்வரளி. இரண்டாவது பொட்டலத்துக்கு நந்தியாவட்டையைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்தேன். அதிலும் செவ்வரளியைப் போட்டு, நாரை இறுக்கிக் கட்டிவிட்டேன். நந்தியாவட்டையை அடுப்புக்குள் போட்டேன். பச்சைப் பூ எங்கே எரிகிறது, புகைந்தது. அவர் வந்து "என்ன புள்ள கண்ணுல தண்ணி" என்றார். புகை என்றேன்.

அவர்கள் குலதெய்வம் கிணத்துக்கடவுக்கு மேற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில், வாய்க்கால் ஓரமாக இருக்கிறது. உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி பஸ் ஏறிப் போனோம். புதுச் சட்டை போட்டிருந்தார். பையில் அந்த டைரித் தாள்.

பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வேறென்ன வரும்? "ஆத்தா உத்தரவு குடுக்கலீங்களே" என்று கையை விரித்தார். எங்கள் வீட்டுக்காரர் ஒரு நிமிசம் அந்தச் சிவப்பையே பார்த்தார். பிறகு கையைத் தூக்கிக் கும்பிட்டு, "சேரி ஆத்தா" என்றார். நான் மற்றப் பொட்டலத்தைப் பாய்ந்து எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினேன். தண்ணீரில் விட்டது மட்டுமில்லை, கல்லை எடுத்து அதன்மேல் போட்டேன்.

திரும்பும்போது கிணத்துக்கடவு பஸ் ஸ்டாண்டில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். "நீ எதுக்குப் புள்ள மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? ஆத்தாளுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சுபோச்சு? விடு" என்று என்னைத் தேற்றினார். என்னைத் தேற்றினார் அந்த மனுசன். நான் இளநீரைக் குடித்தேன்.

அப்புறம் ஆறு வருசம் அதே பிழைப்பு. முகூர்த்த மாசத்தில் மூன்று மண்டப வாசலில் காத்திருப்பு, மூன்று கடைசிப் பந்தி. ஒரு தடவை ஒரு குடும்பத்தை ஆனைமலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். சித்திரை வெயில். அவர்கள் சாமி கும்பிட்டு, சாப்பிட்டு, மரத்தடியில் ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வருகிற வரைக்கும் இவர் காருக்குள்ளேயே இருக்க வேண்டும், சாமான் இருக்கிறதாம். ஏசி போடக் கூடாது, டீசல் போகிறதாம். அந்த வீட்டு அம்மாள் சொன்னது எப்படி? "ஏசி மட்டும் வேண்டாமுங்க டிரைவர், தப்பா நெனச்சுக்காதீங்க." வீட்டுக்கு வந்து சட்டையைப் பிழிந்து போட்டார். அந்த அம்மாளை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். திட்டிக்கொண்டே இருக்கும்போது, அந்தச் சட்டையைப் பிழிய வைத்தது அந்த அம்மாள் மட்டும்தானா என்று உள்ளே ஒன்று கேட்டது. இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

மூன்று வருசத்துக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். கண் முன்னால் கை வைத்தால் தெரியும். நாலு எட்டு தள்ளி நிற்பது ஆளா மரமா என்று தெரியாது. வண்டிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன் வருவது ஒரே மாசத்தில் நின்றது. "ஒடம்பப் பாத்துக்கங்க டிரைவர்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். அதோடு சரி.

நான் அழுதேன். அவர் அழவில்லை. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தியா புள்ள. ஆத்தா அன்னைக்கே இது தெரிஞ்சுதான் வேண்டாம்னு சொல்லிப்போட்டா. கடன வாங்கிப்போட்டு இப்பக் கண்ணும் போயிருந்தா? வண்டிய எவன் ஓட்டறது? உங்கப்பனாட்ட நானும் பின்னாலயே ஓடியிருப்பேன். காப்பாத்திப்போட்டாளே மகராசி."

அன்றிலிருந்து வருசா வருசம் நோம்பிக்கு அந்தக் கோயிலில் பொங்கல் வைக்கிறோம், ஆத்தாளுக்கு நன்றியாம். வருகிற ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்லுவார். சொல்லும்போது என் பக்கம் திரும்பி "அவளையே கேளுங்க, அவதான் பொட்டலங் கட்டுனா" என்பார். நான் பொங்கல் பானையில் அரிசியைக் கிண்டிக்கொண்டே தலையை ஆட்டுவேன். பானையை அப்படியே தூக்கி வாய்க்காலில் எறிய வேண்டும் போல இருக்கும்.

ஏனென்றால் அவர் போடாத கணக்கை நான் போட்டுவிட்டேன். தவணை அஞ்சு வருசம். கண் போனது ஆறு வருசம் கழித்து. வாங்கியிருந்தால் கண் போவதற்கு ஒரு வருசம் முன்னாலேயே கடன் தீர்ந்திருக்கும். ஒரு முழு வருசம், யாருக்கும் ஒரு பைசா பாக்கியில்லாமல், சொந்தக் காரில், ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த வருசம் எங்கள் பெண் கார் வாங்குகிறேன் என்றாள். ஒரே பெண். ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. டிரைவிங் பழகியதும் அப்பாவிடம்தான். அவள் கூட வேலை பார்க்கிற பெண்ணின் காரில், கண் தெரியாமலே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இன்ஜின் சத்தத்தை வைத்து "கியர மாத்து கண்ணு" என்று சொல்லிக் கொடுத்தார். பேங்கில் கடனுக்கு ஒத்துக்கொண்டார்கள், வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றாள். வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு. என்னைக் கேட்டதற்கு, வாங்கு என்று ஒரே பேச்சாகச் சொன்னேன். அவருக்கு உள்ளுக்குள் அத்தனை ஆசை. அப்பாவைக் கண் டாக்டரிடம் பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போக வேண்டாமே என்று அவள் சொன்னபோது மூக்கை உறிஞ்சினார். ஆனாலும் விடவில்லை. "ஆத்தாளக் கேக்காமச் செய்யக் கூடாது கண்ணு" என்றார்.

"அப்பா, பேங்க்குல சிபில் ஸ்கோர் பாத்துட்டாங்க. ஆத்தாகிட்டயும் ஒரு ஸ்கோர் வாங்கோணுமா?" என்றாள் அவள்.

"வாங்கோணும். உன்ற அம்மாளே கட்டட்டும். அவ கை ராசியான கை."

ராசியான கை! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

இந்தத் தடவை என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. ஆத்தா தப்பித் தவறிச் சிவப்பை எடுத்துக் கொடுத்துவிட்டால்? அன்றைக்கு நான் அவள் வாயில் வைத்த வார்த்தைக்கு இன்றைக்குப் பழி வாங்கிவிட்டால்? அந்த ஆபத்தே வேண்டாம். இரண்டிலும் வெள்ளை. நந்தியாவட்டை கிடைக்கவில்லை, பூக்காரியிடம் குண்டுமல்லி வாங்கினேன். அன்றைக்கு ஒன்றைக் கெடுத்தேன், அதற்கு ஈடாக இன்றைக்கு ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. மல்லி மணக்கும் என்பதும், கண் போன மனுசனுக்கு மூக்கு இன்னும் இருக்கிறது என்பதும் என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

வெள்ளை வந்தது. பெண் "ஏனுங்கப்பா, ஆத்தா சாங்ஷன் பண்ணீட்டாங்க" என்று அவர் தோளைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பேங்குக்குப் பேச வெளியே ஓடினாள். அவருக்குக் கண்ணில் தண்ணீர். நான் மற்றப் பொட்டலத்துக்குக் கை நீட்டினேன். அதற்குள் பூசாரி அதை அவர் கையில் வைத்துவிட்டார். "இதைய நானே தண்ணியில உடறேன் புள்ள. கூட்டிட்டுப் போ" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"குடுங்க, நான் உட்டுட்டு வாரேன். வழுக்குமுங்க."

"நீ கையப் புடிச்சுக்கோ."

கையைப் பிடித்துக்கொண்டு போனேன். வாய்க்கால் திட்டில் நின்று, பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள முகத்துக்குக் கொண்டுபோனார். அப்படியே நின்றார். மறுபடியும் மோந்து பார்த்தார். "ஒரே பையில வெச்சமில்லீங்க, வாசம் ஒட்டியிருக்கும்" என்றேன். கேட்காமலேயே சொன்னேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

என் கையை விட்டுவிட்டு நாரைப் பிரித்தார். விரலால் மொட்டுகளைத் தடவினார். உள்ளங்கையில் கொட்டி, மூக்கில் இடிக்கிற அளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அவ்வளவு கிட்டத்தில் வெள்ளை தெரியும் அவருக்கு.

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபமே வரவில்லை.

"அப்ப அன்னைக்கு?" என்றார்.

நான் பூவையே பார்த்தேன்.

"அன்னைக்கு ரெண்டும் செகப்பா?"

"ஆமாங்க."

பூவைத் தண்ணீரில் விட்டார். விரலை மடக்கினார். ஒன்று, இரண்டு என்று அஞ்சு விரலும் மடங்கியது. ஆறாவதாக இன்னொரு கையில் ஒரு விரல். "கண்ணு போறதுக்கு முந்தியே கட்டி முடிச்சிருக்கலாம்" என்றார், தனக்குத்தானே. பிறகு என் பக்கம் திரும்பி, "வேண்டாம்னு என்றகிட்டச் சொல்லியிருந்தா நான் உட்டிருப்பேனே புள்ள. ஆத்தாள எதுக்கு இழுத்தே?" என்றார்.

"பயமா இருந்துச்சுங்க. எங்கப்பன் அன்னைக்கு அந்த வண்டிக்குப் பின்னால..." என்று ஆரம்பித்தேன். டெம்போ, பிரஷ், பற்பசை எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குத் தெரியாத கதையா? முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, வாய்க்கால் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"சேரிங்க."

திரும்பும்போது என் கையைப் பிடிக்கவில்லை. வேலிக் கம்பியைத் தடவித் தடவி நடந்தார்.

கார் வந்து நாலு மாசம் ஆகிறது. வெள்ளைக் கார். பெண் ஓட்டுகிறாள், அவர் முன் சீட்டில், நான் பின்னால். அவளிடம் சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறார், ஏசியைக் கூட்டச் சொல்கிறார், கியர் மாற்றச் சொல்கிறார். அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடமும் சண்டை இல்லை. நேற்று கண் டாக்டர் வாசலில் நிறுத்தினாள். நான் முதலில் இறங்கி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, "கீழ ஒரு படி இருக்குதுங்க, என்ற கையப் புடிச்சுட்டு எறங்குங்க" என்றேன்.

"சேரிங்க" என்றார். கையைப் பிடிக்காமல், காலால் தடவிப் பார்த்து, தானே இறங்கிக்கொண்டார்.